அலைகடலில் ஓர் ஆன்மா

ஆங்கிலம் வழங்கும் கிறித்தவ ஆலயங்களில் ‘அமேசிங் கிரேஸ்’ என்னும் பாடலைக் கேளாதார் மிகச் சிலரே. அதனை இயற்றிய ஜான் நியூட்டன் ஒரு காலத்தில் அடிமை வாணிகக் கப்பலின் தலைவராக இருந்தவர் என்பதை அறிந்தோர் அத்துணைப் பேர் இலர். கடவுள் மனிதனை ஒரே இரவில் மாற்றிவிடுகிறாரா, ஆயுள் முழுவதும் செதுக்கிக்கொண்டே இருக்கிறாரா என்னும் வினாவிற்கு இவரது வாழ்வைக் காட்டிலும் தெளிவான விடையை நான் கண்டதில்லை.

இலண்டனில் 1725 ஜூலை 24ஆம் நாள் பிறந்தார் நியூட்டன். தந்தை வணிகக் கப்பலின் தலைவர். பக்தி மிக்க தாயோ, மகனுக்கு ஏழு வயது நிறையுமுன்பே காசநோய்க்கு இரையானார். பதினோராம் வயதிலேயே கடலேறிய நியூட்டன், இளமையில் தெய்வ நிந்தனையையே பொழுதுபோக்காகக் கொண்டார். 1744இல் அவரை வலுக்கட்டாயமாகக் கடற்படைக்குப் பிடித்துச் சென்றனர். தப்பியோட முயன்று பிடிபட்டார், சவுக்கடி பட்டார், பதவியும் இழந்தார். பின்னர் அடிமை வாணிகக் கப்பல் ஒன்றுக்கு மாறி, மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் ஓர் அடிமை வாணிகனிடம் வேலைக்கு அமர்ந்தார். அங்கே அவர் நிலை அடிமையினும் கீழானது. நோயுற்றுக் கிடந்தபோது அவருக்கு நீர் தருவாரும் இலர். அப்போது தங்களுக்குக் கிடைத்த சிறிதளவு உணவில் ஒரு பங்கை ஒளித்துக் கொணர்ந்து அவருக்கு ஊட்டியவர் யார் தெரியுமா? விலங்கு பூட்டப்பட்டிருந்த அடிமைகளே! இந்நிகழ்ச்சியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1748இல் ‘கிரேஹவுண்ட்’ என்னும் கப்பல் அவரை மீட்டுத் தாயகத்துக்கு அழைத்துவந்தது. மார்ச் 21ஆம் நாள் அட்லாண்டிக் கடலில் பெரும்புயல் தாக்கியது. கப்பலின் பக்கப் பலகைகள் பிளந்தன. விடியுமுன் தொடங்கி நண்பகல் வரை நியூட்டன் பம்பில் நின்று நீரிறைத்தார். பின்னர் நள்ளிரவு வரை சுக்கான் பிடித்தார். நிந்தித்துப் பழகிய நா அன்று முதன்முறையாகக் கடவுளின் இரக்கத்தை நாடியது. ஏற்றியிருந்த தேன்மெழுகும் மரமும் நீரில் மிதக்கும் சரக்குகளாதலின் கப்பல் மூழ்காமல் தப்பி, ஏறக்குறைய நான்கு வாரங்களில் அயர்லாந்துக் கரையை அடைந்தது. அந்த மார்ச் 21ஐ அவர் இறுதிவரை நன்றி நாளாகக் கொண்டாடினார்.

கதை இங்கே முடிந்திருந்தால் எவ்வளவு இனிமை! ஆனால் முடியவில்லை. மனம் மாறிய அதே நியூட்டன் 1750 முதல் 1754 வரை மூன்று முறை அடிமைக் கப்பல்களின் தலைவராகப் பயணம் செய்தார். மேல்தளத்தில் மாலுமிகளைக் கூட்டி ஞாயிறு வழிபாடு நடத்துவார். கீழ்த்தளத்திலோ நூற்றுக்கணக்கான ஆப்பிரிக்கர் விலங்கிடப்பட்டுக் கிடப்பர். கலகம் செய்ய முயன்றவர்களை விரல் நெருக்கும் இருப்புக் கருவியால் ஒடுக்கிய செய்தியையும் அவரே தம் நாட்குறிப்பில் எழுதிவைத்துள்ளார். பசித்தபோது ஊட்டிய கைகளுக்கா இந்த விலங்கு என்று அவர் மனம் அன்று கேட்கவில்லை. இதனை மூடி மறைத்து அவரைப் போற்றுவோர் அவருக்கு நன்மை செய்பவர் அல்லர். புயல் நாளுக்குப் பின்னும் நெடுங்காலம் தாம் முழு விசுவாசியாக இருந்ததில்லை என்று பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார்.

1754இல் திடீரென வலிப்பு கண்டு கடற்பயணத்தைக் கைவிட்டார். லிவர்ப்பூல் துறைமுகத்தில் சுங்கப் பணியாற்றிக்கொண்டே கிரேக்கமும் எபிரேயமும் பயின்றார். 1764இல் குருப்பட்டம் பெற்று, ஓல்னி என்னும் சிற்றூரின் குருவானார். அவ்வூர் மக்களில் பலர் சரிகைப் பின்னல் செய்து பிழைத்த ஏழைகள். 1773ஆம் ஆண்டுப் புத்தாண்டு வழிபாட்டிற்காக எழுதியதே அப்புகழ்பெற்ற பாடல். அதே ஆண்டில் அவர் நண்பரும் பெருங்கவிஞருமான வில்லியம் கூப்பர், கடவுள் தம்மைக் கைவிட்டார் என்று கலங்கி மனநோயுற்றார். நியூட்டன் அவரைத் தம் இல்லத்திலேயே ஓராண்டுக்கும் மேலாக வைத்துப் பேணினார். கூப்பரின் இருள் முழுதும் நீங்கவில்லை; நண்பரைப் பற்றிய நம்பிக்கையை நியூட்டன் விடவுமில்லை. இருவர் பாடல்களும் சேர்ந்து 348 பாடல்கள் கொண்ட ‘ஓல்னிப் பாடல்கள்’ 1779இல் வெளிவந்தன.

1780இல் இலண்டன் புனித மேரி உல்நாத் ஆலயத்திற்கு மாறினார். 1785இல் இளம் பாராளுமன்ற உறுப்பினர் வில்லியம் வில்பர்போர்ஸ் அவரை மறைவாகச் சந்தித்தார். சமயப் பற்று மேலிட்டு அரசியலைத் துறக்க எண்ணியிருந்த அவ்விளைஞரை, அங்கேயே இருந்து தொண்டாற்றுமாறு திருப்பி அனுப்பினார் நியூட்டன். 1788இல், கடலை விட்டு 34 ஆண்டுகள் கழிந்தபின், அடிமை வாணிகத்தின் கொடுமைகளைத் தாம் கண்டவாறும் செய்தவாறும் வெளிப்படுத்தி ஒரு சிறுநூல் எழுதினார். பாராளுமன்றக் குழுவின் முன்னும் சாட்சி சொன்னார். முதுமையிற்கூட இப்படித் தம்மைத் தாமே குற்றக் கூண்டில் ஏற்றிக்கொள்ள எத்தனை பேர் முன்வருவர்?

1807 மார்ச்சில் பிரித்தானிய அடிமை வாணிகத்தை ஒழிக்கும் சட்டம் நிறைவேறியது. கண்ணொளி மங்கிய 81 வயது முதியவர் அதனைக் கேட்டறியும் வரை உயிரோடிருந்தார். அவ்வாண்டு டிசம்பர் 21ஆம் நாள் மறைந்தார். தம் நினைவுக் கல்வெட்டிற்குரிய வாசகத்தை முன்னரே அவர் எழுதிவைத்திருந்தார். அதில் முதலில் இடம்பெற்றவை அவர் வகித்த திருப்பணிகள் அல்ல. நாத்திகராய், ஒழுக்கங்கெட்டவராய், ஆப்பிரிக்காவில் அடிமைகளுக்கும் ஏவலாளாய் இருந்த பழைய நாட்களே.