இழப்பில் மலர்ந்த விசுவாசம்
மறைசாட்சி புனித தேவசகாயம் வாழ்க்கை வரலாறு



ஜூபிலி ஆண்டில் ஆண்டவர் நமக்குச் செய்த நன்மைகளை எண்ணி நன்றி கூறுவது நம் கடமை. அதே வேளையில் நம் இல்லங்களில் நேர்ந்த இழப்புகளையும் நாம் மறந்துவிட முடியாது. பூ நிறையப் பூத்தும் பிஞ்சு நில்லாமல் போன மாந்தோப்புகள், போர் போட்டும் தண்ணீர் வராமல் கடனில் மூழ்கிய நிலங்கள், ஓசூரிலும் பர்கூரிலும் கம்பெனி வேலைக்குப் போய் காண்டிராக்ட் முடிந்தது என்று திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகள், காலத்துக்கு முன்பே நம்மை விட்டுப் பிரிந்த உறவினர்கள் ஆகிய அனைத்தும் நாம் சொல்லும் ஜெபமாலையோடு கலந்தவை. இத்தகைய இழப்பின் வழியாகவே கிறிஸ்துவிடம் வந்து சேர்ந்த ஒருவரின் வரலாற்றை இம்மலரில் சிந்திப்பது பொருத்தமாகும். அவர் குருவுமல்ல, துறவியுமல்ல. நம்மைப் போன்ற இல்லறத்தார், உத்தியோகம் பார்த்தவர்.

பிறப்பும் பணியும்

நீலகண்டன் என்பது அவருடைய இயற்பெயர். 1712ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், அன்றைய திருவிதாங்கூர் நாட்டைச் சேர்ந்ததும் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளதுமான நட்டாலம் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை வாசுதேவன் நம்பூதிரி. தாய் தேவகி அம்மாள். வசதியும் மதிப்பும் நிறைந்த குடும்பம். நீலகண்டன் பத்மநாபபுரம் நீலகண்டசுவாமி கோயிலில் அலுவல் பார்த்தார். பின்னர் மார்த்தாண்ட வர்மா மகாராஜாவின் அரண்மனைப் பணியில் உயர்ந்தார். பார்கவி அம்மாளை மணந்து இல்லறம் நடத்தி வந்தார்.

சோதனைக் காலம்

இந்நிலையில் அவருடைய குடும்பத்தைத் துன்பம் தொடர்ந்தது. கால்நடைகள் மடிந்தன, பயிர்கள் பொய்த்தன, முன்னோர் தேடி வைத்த செல்வம் குறைந்துகொண்டே வந்தது. தான் செய்த குற்றம் என்ன, தெய்வம் ஏன் கைவிட்டது என்ற கேள்வி அவர் மனத்தை வாட்டியது.

அக்காலத்தில் உதயகிரிக் கோட்டையில் தெலன்னாய் என்னும் தளபதி பணியாற்றி வந்தார். 1741ஆம் ஆண்டு குளச்சல் போரில் திருவிதாங்கூர்ப் படை டச்சுக்காரரை வென்றபோது சிறைப்பட்டவர் அவர். பின்னர் அதே மன்னரின் படைக்குப் பயிற்சி அளிக்கும் பொறுப்பைப் பெற்றார். அவர் ஒரு கத்தோலிக்கர். கோட்டை வேலைகளில் பொறுப்பு வகித்த நீலகண்டனுக்கும் அவருக்கும் நட்பு உண்டாயிற்று.

நண்பரின் முகவாட்டத்தைக் கண்ட தெலன்னாய் யோபுவின் சரித்திரத்தைச் சொன்னார். மந்தைகளையும் மக்களையும் உடல் நலத்தையும் இழந்தும் கடவுளை விட்டுவிடாத நீதிமானின் சரித்திரம் அது. இழப்பு வந்தது என்பதற்காகக் கடவுள் ஒருவனை வெறுத்துவிட்டார் என்று பொருள் இல்லை. துன்பப்படுகிறவனோடு அவர் இருக்கிறார் என்ற உண்மை நீலகண்டன் உள்ளத்தில் பதிந்தது. சொன்னவரும் தம் நாட்டையும் விடுதலையையும் இழந்து அந்நிய மண்ணில் வாழ்ந்தவர் என்பதை நாம் மறக்கலாகாது. துயரம் அறிந்தவர் சொன்ன ஆறுதல் ஆதலால் அது உள்ளே இறங்கியது.

திருமுழுக்கு

1745ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் வடக்கன்குளத்தில், சேசு சபைக் குருவான பரஞ்சோதிநாதர் என்னும் புத்தாரி சுவாமியார் அவருக்குத் திருமுழுக்கு அளித்தார். லாசர் என்ற பெயர் தமிழில் தேவசகாயம் என வழங்கியது. கடவுளே துணை என்பது அதன் பொருள். அவருடைய மனைவியும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார்.

மடிந்த மாடுகளும் போன செல்வமும் அதன்பின் திரும்பி வந்ததாக வரலாறு எதுவும் கூறவில்லை. மாறாக, அதைவிடப் பெரிய இழப்புகள் காத்திருந்தன. தேவசகாயம் சாதி வேற்றுமை பாராட்டாமல் எல்லாரோடும் பழகினார். உயர்ந்த குலத்தார் பலருக்கு இது பொறுக்கவில்லை. அரண்மனையில் அவர் மீது பழி சுமத்தப்பட்டது. 1749ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் கைது செய்யப்பட்டார்.

மூன்றாண்டுப் பாடுகள்

உத்தியோகம் போயிற்று, மானம் போயிற்று. எருக்கம்பூ மாலையிட்டு எருமை மீது ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு சென்றனர். தடியால் அடித்துக் காயங்களில் மிளகாய்ப் பொடி தடவி வெயிலில் நிறுத்தினர். விசுவாசத்தை மறுத்தால் விடுதலை உண்டு என்ற நிலையிலும் அவர் மறுக்கவில்லை. புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் வாடிய அவர் ஜெபித்துப் பாறையில் முழங்கையால் இடிக்க, தண்ணீர் சுரந்ததென்பது மக்கள் மரபு. அவ்விடம் முட்டிடிச்சான்பாறை என இன்றும் போற்றப்படுகிறது. பெருவிளையில் வேப்பமரத்தில் அவர் கட்டப்பட்டிருந்தபோது, துன்பப்பட்ட மக்கள் அவரைத் தேடி வந்து ஆறுதல் பெற்றுச் சென்றனர். ஆறுதல் தேட வேண்டிய நிலையில் இருந்தவரே பிறருக்கு ஆறுதலானார்.

1752ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றனர். வயது 39. அவருடைய எச்சங்கள் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டன. மனைவி ஞானப்பூ அம்மாள் வடக்கன்குளத்துக்கு வந்து பதினான்கு ஆண்டுகள் கைம்மை வாழ்வை விசுவாசத்தோடு வாழ்ந்து 1766இல் மரித்தார். சாட்சியாக மரித்தவரைத் திருச்சபை கொண்டாடுகிறது. சாட்சியாகத் தனித்து வாழ்ந்த அந்த அம்மையாரையும், நம் பங்கிலுள்ள விதவைத் தாய்மார்கள் நன்றியோடு நினைக்கலாம்.

திருச்சபையின் மகுடம்

2012ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் நாகர்கோவிலில் அவர் அருளாளராக உயர்த்தப்பட்டார். 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். புனிதர் நிலை பெற்ற முதல் இந்தியப் பொதுநிலையினர் இவரே.

நமக்குரிய பாடம்

நேர்ச்சை செய்தேன், ஜெபித்தேன், ஆனாலும் கேட்டது கிடைக்கவில்லையே என்று நம்மில் பலர் மனம் சோர்வதுண்டு. ஜெபத்தைக் கொடுக்கல் வாங்கலாக எண்ணினால் இச்சோர்வு வந்தே தீரும். தேவசகாயத்துக்கு விசுவாசம் தந்தது நஷ்ட ஈடு அல்ல. எதை இழந்தாலும் கடவுளை இழக்கவில்லை என்ற உறுதியை அது தந்தது. தெலன்னாயின் பணியும் நமக்கு உண்டு. பக்கத்து வீட்டில் துக்கம் நேரும்போது விளக்கம் சொல்ல முயலாமல், அருகில் உட்கார்ந்து நம்பிக்கையைப் பகிர்ந்துகொள்வதே அப்பணி.

ஆண்டுதோறும் ஜனவரி 14ஆம் நாள், பொங்கல் வேளையில், அவர் மரித்த நாள் வருகிறது. புதுநெல் வந்த வீட்டிலும் விளைச்சல் இல்லாத வீட்டிலும் அன்று அவரை நினைத்து ஒரு ஜெபம் சொல்வோம். நாகரசம்பட்டி இறைமக்களாகிய நமக்கு, இழப்பிலும் தளராத விசுவாசத்தை ஆண்டவர் அருள்வாராக!

புனித தேவசகாயமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.