கானா கண்ட குவாமே நிக்ருமா

பெரியோர் சரிதங்களைப் படிப்பதனால் நாம் அடையும் பயன் இருவகைப்படும். அவர்தம் நற்செயல்களை அறிந்து பின்பற்றுதல் ஒன்று. அவர் வழுவிய இடங்களைக் கண்டு விலகி நடத்தல் மற்றொன்று. இவ்விரு பயனையும் ஒருங்கே தரவல்லது, மேற்கு ஆபிரிக்காவிலுள்ள கானா நாட்டின் முதற் பிரதமராகவும் முதற் சனாதிபதியாகவும் விளங்கிய குவாமே நிக்ருமாவின் வாழ்க்கை.

கானா முன்னாளிற் பொற்கரை என வழங்கப்பட்டது. பொன் தேடி வந்த ஐரோப்பியர் அக்கடற்கரை நெடுகக் கோட்டைகளை எழுப்பினர். பின்னர் மனிதரையே விலைப்பொருளாக்கி, அக்கோட்டைகளிலிருந்து கப்பலேற்றினர். அடிமை வாணிகம் ஒழிந்தது, கோட்டைகளோ ஒழியவில்லை. அக்ரா நகரிலே டேனியர் கட்டிய கிறித்தியன்சுபோர்க் கோட்டை பிரித்தானியத் தேசாதிபதியின் வாசத்தலமாயிற்று. ஆங்கிலேயர் கட்டிய ஜேம்ஸ் கோட்டை மறியற்சாலையாயிற்று. இவ்விரு கோட்டைகளையும் நினைவில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

நிக்ருமா 1909 ஆம் ஆண்டில், நாட்டின் தென்மேற்கிலுள்ள நிக்ரோபுல் என்னுஞ் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் பொற்கொல்லர், தாயார் சிறு வணிகம் செய்தவர். சனிக்கிழமையிற் பிறந்த ஆண்மகவுக்கு அந்நாட்டார் இடும் பெயரே குவாமே என்பதாம். மிஷன் பாடசாலையிற் கற்று, இளம் உதவியாசிரியராயிருந்த பின், அக்ராவிலே அரசினர் ஆசிரிய கலாசாலையிற் சேர்ந்தார். அது பின்னர் அச்சிமோட்டாக் கல்லூரியுடன் இணைந்தது. 1930 இல் பயிற்றப்பட்ட ஆசிரியராக வெளியேறி, எல்மினாவிலும் அக்சிமிலும் பாலர்க்குப் படிப்பித்தார். ஆசிரியத் தொழில் பூண்ட நமக்கு இச்செய்தி தனி உவகை தருவதாகும்.

1935 இல் ஐக்கிய அமெரிக்கா சென்று லிங்கன் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். கைப்பொருள் இல்லாமையால் தெருவில் மீன் விற்றும், கப்பலில் ஏவல் செய்தும் பட்டங்கள் பெற்றார். 1945 இல் இலண்டன் சேர்ந்து, அவ்வாண்டு மன்செஸ்டர் நகரிற் கூடிய ஆபிரிக்கர் மாநாட்டை ஒழுங்கு செய்தவருள் ஒருவரானார்.

இதற்கிடையே பொற்கரையில், டான்குவா என்னும் நியாயவாதி முதலிய கற்றோர் கூடி 1947 இல் ஓர் அரசியற் சங்கம் நிறுவினர். அதற்குச் செயலாளர் வேண்டியிருந்தது. லிங்கன் பல்கலைக்கழகத்தில் உடன் கற்ற அக்கோ அட்ஜே என்பவர் நிக்ருமாவின் பெயரைக் கூறினார். அழைப்பை ஏற்று அவ்வாண்டு மார்கழியில் நிக்ருமா தாய்நாடு திரும்பினார்.

1948 மாசியில், பர்மாவிலும் பிறவிடங்களிலும் பிரித்தானியருக்காகப் போர் புரிந்து மீண்ட படைவீரர், தம் குறைகளை விண்ணப்பிக்கக் கிறித்தியன்சுபோர்க்கை நோக்கி நடந்தனர். பொலிஸ் அதிகாரி சுட்டதில் மூவர் மாண்டனர். நகர் கொந்தளித்தது. தேசாதிபதி சங்கத் தலைவர் அறுவரைப் பிடித்து, விசாரணை ஏதுமின்றி வடபாலிலே தடுத்து வைத்தார். நிக்ருமா, டான்குவா, அக்கோ அட்ஜே ஆகிய மூவரும் அவ்வறுவருள் அடங்குவர்.

கற்றோர் சங்கத்தின் மெதுநடை நிக்ருமாவுக்கு ஒவ்வவில்லை. 1949 இல் தனிக்கட்சி அமைத்தார். 1950 இல் ஒத்துழையாமை நடத்திச் சிறைத்தண்டனை பெற்று ஜேம்ஸ் கோட்டையில் அடைபட்டார். 1951 தேர்தலில், சிறையிலிருந்தபடியே அபேட்சகராக நின்று வென்றார். சிறைக்கதவு திறந்தது, தேசாதிபதியே அரசாங்கக் கருமங்களை நடத்துமாறு அவரை அழைத்தார். 1957 பங்குனி 6 ஆந் திகதி கானா விடுதலை பெற்றது. சகாராவுக்குத் தெற்கே பிரித்தானியரின் குடியேற்ற நாடுகளுள் முதலில் விடுதலை பெற்றது அதுவே. முன்னாட் கைதி கிறித்தியன்சுபோர்க் கோட்டையிற் குடிபுகுந்தார்.

அவர் ஆற்றிய நற்பணிகள் பல. 1952 தொடக்கம் ஆரம்ப பாடசாலைக் கட்டணம் நீக்கப்பட்டது. தேமாவிலே துறைமுகமும், வோல்ற்றா ஆற்றின் குறுக்கே அக்கோசொம்போ அணையும் எழுந்தன. 1963 இல் ஆபிரிக்க ஒற்றுமைத் தாபனம் தோன்ற முன்னின்று உழைத்தவருள் அவரும் ஒருவர். இவற்றை மறைப்பது நன்றி மறத்தலாகும்.

ஆயினும், ஆண்டவர் போயினர். ஆண்ட கருவிகள் போகவில்லை. பிரித்தானியர் கொக்கோச் சபை ஒன்றை அமைத்து, கமக்காரனிடம் குறைந்த விலைக்குக் கொக்கோ வாங்கி, உலகச் சந்தையில் விற்று, மிகுதியைத் தாமே வைத்திருந்தனர். நிக்ருமா அதனை ஒழிக்கவில்லை. 1954 இல், உலக விலை உயர்ந்து நின்ற வேளையில், 60 றாத்தற் சுமைக்கு 72 ஷில்லிங் என விலை கட்டினார். நாட்டை முன்னேற்றப் பணம் வேண்டும் என்பது அவர் நியாயம். அசாந்திக் கமக்காரர் வெகுண்டு எதிர்க்கட்சி கண்டனர். கொக்கோப் பணமோ கட்சிக்காரரின் நன்மைக்கும் ஒழுகிற்று என்பதை 1956 இல் விசாரணைக்குழு ஒன்று வெளிப்படுத்திற்று. உத்தியோகமும் ஒப்பந்தமும் கட்சியின் வாயிலாகவே கிடைப்பன ஆயின. ஓர் அமைச்சரின் மனைவியார் 1962 இல் இலண்டனிலே 3,000 பவுணுக்குப் பொன்முலாம் பூசிய கட்டில் வாங்கிய செய்தி உலகெங்கும் நகைப்புக்கிடமாயிற்று. 1961 சித்திரையில் நிக்ருமா வானொலியில் இலஞ்சத்தைக் கண்டித்தார். எனினும், கணக்குக் கேட்பாரின்றிப் பணத்தை ஆளும் முறையை மாற்றினாரல்லர்.

இதனினும் கொடியது 1958 இல் இயற்றப்பட்ட தடுப்புக்காவற் சட்டம். விசாரணையின்றி ஒருவரை ஐந்தாண்டு வரை அடைத்து வைக்க அது இடமளித்தது. பத்தாண்டுக்கு முன் தேசாதிபதி தமக்குச் செய்ததையே நிக்ருமா பிறர்க்குச் சட்டமாக்கினார். அவர் அஞ்சக் காரணம் இல்லாமலில்லை. 1962 இல் அவர்மேல் குண்டெறியப்பட்டது உண்மை. அவ்வழக்கில் அக்கோ அட்ஜேயும் குற்றஞ்சாட்டப்பட்டார். நீதிமன்றம் அவரை விடுவித்தபோது, நிக்ருமா பிரதம நீதியரசரையே பதவி நீக்கினார். மறுவிசாரணையில் அக்கோ அட்ஜேக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டுப் பின்னர் சிறைவாசமாகக் குறைக்கப்பட்டது. 1964 இல் நாடு ஒருகட்சி நாடாயிற்று. இருமுறை காவலில் வைக்கப்பட்ட டான்குவா, 1965 மாசி 4 ஆந் திகதி, தம் அறுபத்தொன்பதாம் வயதில், இன்சவம் சிறையில் மாண்டார். கானா என்னும் பெயரை அந்நாட்டுக்கு எடுத்துரைத்தவர் அவரே.

இடித்துரைப்பார் இல்லாத அரசைப்பற்றி வள்ளுவர் கூறியதை நாம் வகுப்பறையில் ஆண்டுதோறும் படிப்பிக்கின்றோம். அதன் பொருளை நிக்ருமாவின் முடிவு விளக்கும். கொக்கோ விலை வீழ்ந்தது, கடன் பெருகிற்று, கடைகளிற் பண்டம் அருகிற்று. உண்மையை எடுத்துரைக்கக் கூடியவர் சிறையிலோ வெளிநாட்டிலோ இருந்தனர். 1966 மாசி 24 ஆந் திகதி, அவர் வியட்நாமுக்குச் செல்லும் வழியிலிருக்கையில், படையினர் ஆட்சியைக் கைப்பற்றினர். மக்கள் தெருவில் ஆடினர்; பாராளுமன்ற முன்றிலில் நின்ற அவர் சிலையைச் சாய்த்தனர். கினி நாட்டில் அடைக்கலம் புகுந்த அவர், 1972 சித்திரை 27 இல், ருமேனியாவின் தலைநகரிலே புற்றுநோயால் உயிர் நீத்தார்.

அவரை வீழ்த்திய படையினரும் அதே கோட்டையிலிருந்து ஆண்டனர். பின்வந்த ஆட்சிகள் பலவும் இலஞ்சத்தைக் காரணங்காட்டி வந்து இலஞ்சத்தாலே பழிகொண்டன. காலஞ் செல்ல, மக்கள் நிக்ருமாவின் நன்மைகளை நினைந்தனர். 1992 இல், விடுதலையை அவர் அறிவித்த மைதானத்திலேயே நினைவாலயம் அமைத்து அவருடலை அடக்கினர். சாய்ந்த சிலையும் தலை வேறாக அங்கே வைக்கப்பட்டுள்ளது. புகழையும் பிழையையும் ஒருங்கே காட்டும் அம்மக்களின் நேர்மை போற்றத்தக்கது.

நம் கல்லூரியின் பழைய மாணவருட் பலர் அதிகாரப் பதவிகளில் அமர்ந்தவர். இனி அமரப்போகின்றவரும் உளர். அவர்க்கு நாம் கூறுவது ஒன்றே. ஒரு சட்டத்தை இயற்றும்போதோ, ஓர் ஆணையில் ஒப்பமிடும்போதோ, அது நம் பகைவர் கையிற் சேர்ந்தால் யாது நிகழும் என எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஜேம்ஸ் கோட்டையில் இருந்த நாளில் நிக்ருமா இதனை நன்கறிந்திருப்பார். கிறித்தியன்சுபோர்க்கிற் குடியேறிய பின் மறந்தார். அம்மறதிக்கு ஒரு நாடு கொடுத்த விலை பெரிது.