நகைப் பட்டறையில் இருந்து ஒரு பதக்கம்

எலெக்டிவ் லிஸ்ட்ல 'எகனாமெட்ரிக்ஸ்'னு பார்த்ததும் அடுத்த பேப்பருக்குத் தாவுற ஆளா நீங்க? அந்தப் பெயரை வைத்தவர் நகைத் தொழில் கற்றவர் என்றால் நம்புவீர்களா?

ராக்னர் ஃப்ரிஷ் 1895-ல் நார்வேயின் ஓஸ்லோ நகரில் பிறந்தவர். தலைமுறை தலைமுறையாகத் தங்க, வெள்ளி வேலை செய்த குடும்பம். ஒரே பிள்ளை, அப்பாவுக்குப் பிறகு பட்டறை அவருக்குத்தான். ஆனால் மகன் ஒரு டிகிரியும் வாங்கணும்னு அம்மாவுக்கு ஆசை. பல்கலைக்கழகப் பாடங்களில் சீக்கிரம் முடியுறது, ஈஸியானது எதுன்னு தேடினாங்க. கிடைத்தது பொருளாதாரம்! 1919-ல் பட்டம், 1920-ல் பொற்கொல்லர் தேர்விலும் பாஸ்.

ஈஸின்னு எடுத்த பாடம் ஆளையே இழுத்துக்கொண்டது. ஆனால் ஒரு குறை உறுத்தியது. விலை ஏறினால் தேவை குறையும் என்று எல்லோரும் சொல்வார்கள். எவ்வளவு குறையும் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது. எடை போடாமல் நகைக்கு விலை சொல்ல முடியுமா? கோட்பாடு, கணிதம், புள்ளியியல் மூன்றையும் ஒன்றாக உருக்கி, 1926-ல் அதற்கு எகனாமெட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். 1930-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் எகனாமெட்ரிக் சொசைட்டியைத் தொடங்கியவர்களில் அவர் முக்கியமானவர். 1933-ல் அதன் இதழான 'எகனாமெட்ரிகா' வெளிவந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் அவர்தான் ஆசிரியர். நடுவில், நாஜிகள் நார்வேயைப் பிடித்திருந்த காலத்தில், 1943-ல் கைதாகி ஓராண்டு சிறையில் இருந்தார். வெளியே வந்ததும் மறுபடியும் அதே வேலை.

1969-ல் பொருளாதாரத்துக்கு முதன்முதலாக நோபல் பரிசு கொடுத்தபோது, யான் டின்பெர்கனோடு அதைப் பகிர்ந்துகொண்டார். 1973-ல் காலமானார்.

அவர் வளர்த்த இதழ் இன்றும் அவரை நினைவில் வைத்திருக்கிறது. கடந்த ஐந்தாண்டுகளில் எகனாமெட்ரிகாவில் வந்த, கோட்பாட்டை நிஜ உலகத்தோடு பொருத்திப் பார்க்கும் சிறந்த கட்டுரைக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 'ஃப்ரிஷ் பதக்கம்' தருகிறார்கள். வாழ்நாள் சாதனைக்கு இல்லைங்க. ஒரே ஒரு கட்டுரைக்கு! 1978-ல் முதல் பதக்கம் வாங்கிய ஆங்கஸ் டீட்டனுக்கு அப்போது முப்பதுகளின் தொடக்கம்தான். அவரே 2015-ல் நோபலும் வாங்கினார்.

அடுத்த தடவை ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல 'கணிசமாகக் குறைந்தது'ன்னு எழுதும்போது கொஞ்சம் நிறுத்துங்க. பக்கத்தில் தராசோடு ஃப்ரிஷ் நிற்கிறார்னு நினைச்சுக்கோங்க. எவ்வளவுன்னு எழுதிட்டு மேலே போங்க!