ஸ்பீக்கர் பக்கத்தில் போன் வைத்தால் ஏன் ‘டிட்-டிட்’? 1890-களிலேயே இந்தத் தொல்லையைச் சமாளித்த ஜெகதீஷ் சந்திர போஸ்

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் கோயில் விழாவுக்கு மைக் செட் போடுகிறவர்களுக்கு இது பழகிப்போன சங்கதி. ஆம்ப்ளிஃபயர் மேல் யாராவது போனை வைத்தால், ரிங் வருவதற்கு முன்பே ஸ்பீக்கர் ‘டிட்-டிட்-டிட்’ என்று இரையும். 2ஜி இணைப்பில்தான் இது அதிகம். போன் விட்டுவிட்டு அனுப்பும் ரேடியோ துடிப்புகளை ஒயர் ஆன்டெனா மாதிரி பிடித்துக்கொள்கிறது, அவ்ளோதான். ஆக, கையடக்கக் கருவி பக்கத்து மெஷினைத் தொந்தரவு பண்ணுமா? பண்ணும். கல்கத்தாவில் ஒருவர் தன் சொந்தக் கருவியிடமே இப்படி மாட்டிக்கொண்டு, வழியும் கண்டுபிடித்தார்.

ஜெகதீஷ் சந்திர போஸ் பிறந்தது 1858 நவம்பர் 30. அப்பா அரசு அதிகாரி. ஆனாலும் மகனை வங்க மொழிப் பள்ளியில்தான் சேர்த்தார். மருத்துவம் படிக்க லண்டன் போனவர், உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் கேம்பிரிட்ஜில் அறிவியலுக்கு மாறினார். 1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் வேலை. வெள்ளைக்காரப் பேராசிரியர்களுக்குத் தரும் சம்பளம் இவருக்கு இல்லை என்றதும், 3 ஆண்டுகள் சம்பளமே வாங்காமல் பாடம் நடத்தினார். கடைசியில் நிர்வாகம் இறங்கிவந்து, பாக்கியோடு முழுச் சம்பளத்தையும் கொடுத்தது. என்ன ஒரு பிடிவாதம்!

பிறகு மின்காந்த அலைகளில் இறங்கினார். கல்கத்தா டவுன் ஹாலில், சுவரைத் தாண்டிப் போன அலையால் தூரத்தில் மணியை அடிக்கவும், வெடிமருந்தைப் பற்றவைக்கவும் செய்தார். ஒயர் எதுவும் கிடையாது.

சிக்கல் ஆய்வுமேசையில் வந்தது. தூக்கிச் செல்லும் அளவுக்குச் சின்னதாக அவர் செய்த அலை அனுப்பும் கருவிக்குள் ஒரு மின்சுருள் இருந்தது. அதில் மின்சாரம் போய் நிற்கும்போதெல்லாம் காந்தப்புலம் மாறி, பக்கத்திலிருந்த ரிசீவரைக் குழப்பியது. வந்தது அலையா, வெறும் தொல்லையா என்று பிரிக்க முடியாவிட்டால் ஆய்வே வீண். போஸ் சுருளையும் பேட்டரியையும் இரட்டைச் சுவர் உலோகப் பெட்டிக்குள் அடைத்தார். உள்பெட்டி தேனிரும்பு, அது காந்தத்தை வெளியே விடாது. அலை போக மட்டும் ஒரு குழாய். இன்றைக்குப் பேஸ்மேக்கருக்கு உலோக உறை போடுவதிலும் இதே மாதிரி வேலை நடக்கிறது. ஆனாலும் அதை வைத்திருப்பவர்கள் போனை 15 செ.மீ. தள்ளி வைக்க வேண்டும் என்கிறார்கள் டாக்டர்கள். போனுக்குள் காந்தமும் இருக்கிறதே.

1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அவர் இந்த ஆய்வுகளை விளக்கினார். காப்புரிமையில் பெரிய ஆர்வம் இல்லாதவர். இருந்தும் 1904-ல் கலீனா படிகத்தால் ஆன ரிசீவருக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. 1917-ல் கல்கத்தாவில் சொந்த ஆய்வகம் தொடங்கினார். செடிகளின் உணர்வை அளப்பதிலேயே பின்னாள்கள் போயின. 1937 நவம்பர் 23 அன்று கிரிடியில் காலமானார்.