கில்டேர் புனித பிரிஜித்: வற்றாத ஊற்று

அயர்லாந்து நாட்டில் புனிதக் கிணறுகள் என மக்கள் போற்றும் நீர்நிலைகள் ஏறத்தாழ 3000 உள்ளன. இவை ஆழமாகத் தோண்டப்பட்ட கிணறுகள் அல்ல. பாறையிடுக்கிலோ வயலோரத்திலோ ஊறி வரும் சிறு ஊற்றுகளே. சுற்றிலும் கற்கள் அடுக்கி, அருகில் ஒரு சிலுவையோ சுரூபமோ வைத்திருப்பார்கள். இவற்றில் பல, பிப்ரவரி 1ஆம் நாள் நாம் நினைவுகூரும் புனித பிரிஜித்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. 1373ல் இறந்த சுவீடன் நாட்டுப் புனித பிரிஜித் வேறு, இவர் வேறு. யார் இந்தப் பெண்? கிணற்றடியில் இவரை மக்கள் தேடுவது ஏன்?

மரபுப்படி பிரிஜித் 451ஆம் ஆண்டளவில், இன்றைய லூத் மாவட்டத்திலுள்ள ஃபோகார்ட் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை டுப்தாக், கிறிஸ்தவரல்லாத குலத்தலைவர். தாய் புரோக்கா, அவர் வீட்டு அடிமைப்பெண். டுப்தாக்கின் மனைவி பொறாமை கொண்டதால், புரோக்கா கருவுற்றிருக்கும்போதே ஒரு துரூயித் பூசாரிக்கு விற்கப்பட்டார். ஆகவே பிரிஜித் அடிமையின் மகளாகவே உலகைக் கண்டார்.

தனக்கென ஒன்றுமில்லாத அந்தச் சிறுமியிடம் கொடுக்கும் குணம் மட்டும் குறைவின்றி இருந்தது. தாயின் பால்பண்ணையில் கடைந்த வெண்ணெயை ஏழைகளுக்கு அள்ளிக் கொடுத்துவிடுவார். ஆனால் கணக்குப் பார்க்கும் வேளையில் பாத்திரங்கள் நிறைந்தே இருக்கும். இதைக் கண்ட பூசாரி மனம் மாறி, தாயை விடுதலை செய்தார் என்கிறது அவரது வரலாறு.

தந்தையின் வீட்டிலும் இதே கதைதான். கைக்குக் கிடைத்ததையெல்லாம் இரவலர்க்குக் கொடுக்கும் மகளைப் பொறுக்க முடியாமல், அவரை லென்ஸ்டர் மன்னனிடம் விற்றுவிட டுப்தாக் தேரில் ஏற்றிச் சென்றார். அவர் உள்ளே விலை பேசிக்கொண்டிருக்க, வெளியே தேரருகில் ஒரு தொழுநோயாளி கையேந்தினார். பிரிஜித் தேரிலிருந்த தந்தையின் விலையுயர்ந்த வாளை எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டார். விற்பனைக்கு வந்த பெண் விற்க வந்தவரின் வாளையே தானம் செய்ததைக் கேட்ட மன்னன், இவளுக்கு விலை பேசும் தகுதி நமக்கு இல்லை என்று கூறி, வேறொரு வாளைத் தந்தைக்குக் கொடுத்து இருவரையும் அனுப்பிவைத்தான்.

பின்னர் துறவறம் ஏற்ற பிரிஜித், கில்டேரில் ஒரு மடத்தை நிறுவினார். கில்டேர் என்றால் கருவாலி மரக் கோவில் என்று பொருள். ஆண்களும் பெண்களும் தனித்தனிப் பிரிவுகளாக வாழ்ந்த அம்மடத்தை அவரே தலைவியாக வழிநடத்தினார். உலோக வேலையில் வல்லவரான கொன்லேத் ஆயராகத் துணைநின்றார். கொகிதோசுஸ் என்னும் துறவி 650ஆம் ஆண்டளவில் எழுதிய வரலாறு, கில்டேரின் புகழை நமக்குக் காட்டுகிறது.

பழைய வரலாறுகளில் தண்ணீரைக் குறித்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. இரண்டு தொழுநோயாளர் பிரிஜித்திடம் வந்தனர். அவர் தண்ணீரை ஆசீர்வதித்து, ஒருவரையொருவர் கழுவிவிடச் சொன்னார். முதலாமவர் குணமடைந்தார். நலமான தன் உடலைக் கண்டதும், மற்றவரைத் தொட அவருக்கு அருவருப்பாயிற்று, மறுத்துவிட்டார். பிரிஜித் தாமே முன்வந்து அந்த இரண்டாமவரைக் கழுவினார், அவர் நலமடைந்தார். மறுத்தவருக்கோ பழைய நோயே திரும்பியது. நலம் தண்ணீரில் மட்டும் இல்லை, பிறரைக் கழுவும் கையிலும் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா?

பிரிஜித் 525ஆம் ஆண்டளவில் இறந்தார். வைக்கிங்குகளின் தாக்குதலுக்கு அஞ்சி அவரது திருப்பண்டங்கள் 9ஆம் நூற்றாண்டில் டவுன்பேட்ரிக்குக்குக் கொண்டு செல்லப்பட்டதாக மரபு கூறுகிறது. ஆனால் மக்கள் அவரைத் தேடிக் கல்லறைக்கு மட்டும் செல்லவில்லை, ஊற்றுகளுக்கும் சென்றார்கள். கில்டேர் அருகே அவர் பெயரில் இரண்டு கிணறுகள் உள்ளன. கிளேர் மாவட்டத்து லிஸ்கேனர் கிணற்றுக்குச் செல்லும் குறுகிய வழியின் இருபுறமும் செபமாலைகள், சுரூபங்கள், இறந்தோர் படங்கள் நிறைந்து கிடக்கின்றன.

கிணற்றடிப் பக்திக்கு ஒரு முறை உண்டு. திருப்பயணிகள் செபித்தபடி கிணற்றை வலமாகச் சுற்றி வருவார்கள். எண்ணிக்கை தவறாதிருக்கச் சுற்றுக்கொரு கூழாங்கல் போடுவார்கள். நோயுற்ற இடத்தைத் துணியால் துடைத்து, அதை அருகிலுள்ள மரத்தில் கட்டுவார்கள். துணி மட்கும்போது நோயும் மறையும் என்பது நம்பிக்கை. புனிதக் கிணற்று நீர் அடுப்பில் கொதிக்காது, அவமதித்தால் கிணறு இடம் மாறிவிடும், அதில் மீன் தென்பட்டால் வேண்டுதல் பலிக்கும் என்றெல்லாம் கதைகள் உண்டு. 1937 முதல் 1939 வரை பள்ளிச் சிறுவர்கள் பெரியோரிடம் கேட்டு எழுதிய நாட்டார் வழக்குத் தொகுப்பில் இத்தகைய கதைகள் ஏராளம்.

இந்தப் பக்தி எளிதாகப் பிழைத்துவிடவில்லை. 1704ஆம் ஆண்டுச் சட்டம் கிணறுகளில் கூடுவோருக்கு 10 ஷில்லிங் அபராதம் விதித்தது. கட்ட இயலாதவர்க்குப் பொது இடத்தில் சாட்டையடி. கோவில்களை இழந்த மக்களுக்குப் பல ஊர்களில் கிணற்றடியே செபக்கூடமாயிற்று. பிற்காலத்தில் திருவிழாக்களில் குடியும் கோஷ்டிச் சண்டையும் பெருகியபோது, ஆயர்களும் குருக்களுமே அவற்றைத் தடைசெய்ததுண்டு.

பிரிஜித் என்ற பெயரில் பழைய ஐரியத் தெய்வம் ஒன்றும் இருந்ததால், இப்படியொரு புனிதை வாழ்ந்தாரா என்று ஐயுறும் ஆய்வாளர்களும் உள்ளனர். ஊற்றுகளை வணங்கும் வழக்கமும் கிறிஸ்தவத்துக்கு முற்பட்டதே. இதைக் கண்டு நாம் அஞ்ச வேண்டியதில்லை. மக்கள் ஏற்கெனவே தாகத்தோடு வந்து நின்ற இடத்தில்தான் நற்செய்தியும் வந்து நின்றது.

2023 முதல் அயர்லாந்து பிரிஜித்தின் பெயரால் அரசு விடுமுறை கொண்டாடுகிறது. 2024ல் அவர் இறந்த 1500ஆம் ஆண்டு நினைவாக, அவரது திருப்பண்டம் ஒன்று கில்டேருக்குத் திரும்பியது. ஆயினும் அவருக்கு ஏற்ற நினைவுச்சின்னம் ஊற்றுதான். அள்ள அள்ளக் குறையாத வெண்ணெய்ப் பாத்திரமும், ஊறிக்கொண்டேயிருக்கும் நீரும் சொல்வது ஒன்றே: கொடுப்பதால் வற்றுவதில்லை.

கிணற்றை எத்தனை முறை சுற்றினோம் என்று கூழாங்கற்கள் சொல்லும். குணமடைந்தபின் அருகில் நிற்பவரைக் கழுவ நம் கை நீண்டதா என்பதை எந்தக் கல்லும் எண்ணித் தராது. அதை நாம்தான் நமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும்.