எல்லோருக்கும் உறவினரான யோசேவாஸ் முனிவர்

இரணை என்னும் சொல் எமது வழக்கில் இரட்டையைக் குறிப்பது. இரணைமடு என்ற பெயரை உச்சரிக்கும்போதே ஒன்றோடு ஒன்று சேர்ந்திருத்தல் என்ற பொருள் எம்மையறியாமல் எமது நாவில் வந்துவிடுகின்றது. கனகராயன் ஆறு கொண்டுவரும் நீரைத் தேக்கிவைத்து, கிளிநொச்சிப் பகுதி வயல்களுக்குச் சிறுபோகத்தில் உயிர்கொடுக்கும் இக்குளத்தின் கீழ் வாழும் குடும்பங்கள் ஒரே இடத்திலிருந்து வந்தவை அல்ல. வன்னியிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தோர் ஒரு சாரார். யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்தும் தீவுப்பகுதியிலிருந்தும் காணி பெற்று வந்து காடுவெட்டிக் கழனியாக்கியோர் இன்னொரு சாரார். 1958ஆம், 1977ஆம் ஆண்டுகளின் இனக்கலவரங்களுக்குப் பின்னர் உடுத்த உடையோடு மலையகத்தைவிட்டு வந்தோர் வேறொரு சாரார். 2008ஆம், 2009ஆம் ஆண்டுகளின் போர் இவர்கள் அனைவரையும் ஒரே வழியில் துரத்தி, ஒரே முகாம்களில் அடைத்து வைத்தது.

ஆயினும், திரும்பி வந்து கூரை போட்டதும் பழைய பேச்சுகளும் கூடவே திரும்பிவிட்டன. வந்தான் வரத்தான் என்ற சொல் இன்னும் எம்மிடையே வழங்குகின்றது. வயலில் நாற்று நடும்போது வேண்டப்படுபவர், கலியாணப் பேச்சிலும் சங்கக் கூட்டத்திலும் வேண்டப்படாதவராகிவிடுகின்றார். இத்தகைய மனப்பாங்கோடு வாழும் நாம், தம் வாழ்நாளின் பெரும்பகுதியை வந்தான் வரத்தானாகவே கழித்த ஒருவரின் வரலாற்றை நினைவுகூர்வது நலமாகும். அவரே இலங்கையின் திருத்தூதர் எனப் போற்றப்படும் புனித யோசேவாஸ் முனிவர்.

கொங்கணி மண்ணின் மைந்தன்

யோசேவாஸ் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் கோவாவிலுள்ள பெனவ்லிம் என்னும் ஊரில் பிறந்தார். வீட்டில் பேசிய மொழி கொங்கணி; பள்ளியில் கற்றவை போர்த்துக்கேய மொழியும் இலத்தீனும். உயர்குலம் எனக் கொள்ளப்பட்ட ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தின் பிள்ளை அவர். 1676இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார்.

அக்காலத்தில் கோவாவிலிருந்த ஐரோப்பியத் துறவற சபைகளின் கதவுகள் இந்தியக் குருக்களுக்குப் பெரும்பாலும் மூடப்பட்டிருந்தன. தோலின் நிறமும் பிறந்த மண்ணும் ஒருவரின் தகுதியை அளக்கும் படிகளாக விளங்கின. இந்நிலையில் கசப்படைந்து ஒதுங்கியிருக்க யோசேவாசுக்குக் காரணம் இருந்தது. அவரோ இந்தியக் குருக்கள் சிலர் தாமாகவே கூடி வாழத் தொடங்கியிருந்த ஒரு சிறு குழுவில் 1685இல் இணைந்து, புனித பிலிப்பு நேரியின் ஒறற்றோரியன் சபை ஒழுங்கின்படி அதனைச் சீரமைத்தார். மூடிய கதவின் முன் முறையிட்டுக்கொண்டிராமல் வேறொரு வாசலைத் திறப்பது அவரது இயல்பு. அவர் திறந்த அந்த வாசலின் வழியாகவே பிற்காலத்தில் இலங்கைத் திருச்சபைக்குக் குருக்கள் வந்து சேர்ந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது.

அதற்கு முன்னர், 1681 முதல் கன்னடக் கரையோரத்தில் அவர் பணியாற்றியபோது, யாருடைய அதிகாரம் செல்லும் என்று திருச்சபைத் தலைவர்களிடையே பிணக்கு நிலவியது. மக்கள் இரு பக்கமாக நின்றனர். யோசேவாஸ் தம்மை அனுப்பியவர்களுக்குக் கீழ்ப்படிந்தபடியே மறுபக்கத்தாரையும் மதித்து, மேலிடத்திலிருந்து முடிவு வரும்வரை மக்களுக்கு அருட்சாதனங்கள் குறைவுபடாதவாறு பார்த்துக்கொண்டார்.

சில்லாலைக்கு வந்த கூலியாள்

இலங்கையில் அப்போது ஒல்லாந்தர் ஆட்சி. 1656இல் கொழும்பையும் 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய அவர்கள், கத்தோலிக்கக் குருக்களை நாட்டைவிட்டு அகற்றினர். குருவுக்கு அடைக்கலம் கொடுப்போருக்குக் கடுந்தண்டனை விதிக்கப்பட்டது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகக் குருவின்றித் தவித்த மக்களைப் பற்றிக் கேள்விப்பட்ட யோசேவாஸ், 1686இல் கோவாவைவிட்டுப் புறப்பட்டார்.

அவரோடு கூடவந்தவர் யோவான் என்னும் பணியாளர். வீட்டு வேலைக்காரராக இருந்தவர் வழித்துணையானார், வழித்துணையானவர் சிறைத்தோழருமானார். யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் முனிவர் பட்ட துன்பங்களில் யோவானுக்குப் பங்கிருந்தது. வரலாற்று நூல்களில் இவரைப் பற்றிச் சில வரிகளே உள. எனினும் குலத்தையும் பிறப்பையும் பெரிதாக எண்ணிய ஒரு காலத்தில், ஆண்டானும் அடியானும் ஒரே கூலியுடையில், ஒரே படகில், ஒரே பட்டினியில் இருந்தனர் என்பதைச் சிந்திக்கும்போது எமது உள்ளம் நெகிழ்கின்றது.

1687இல் இருவரும் யாழ்ப்பாணம் சேர்ந்தனர். வந்ததும் வராததுமாக முனிவர் கடும் வயிற்றோட்டத்தால் நலிவுற்று, முன்பின் அறியாதவர்களின் இரக்கத்தினால் உயிர்பிழைத்தார். பின்னர், கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு பிச்சைக்காரர் போல வீடுவீடாகச் சென்றார். அதைக் கண்டு முகம் மலர்ந்தவர்களை வைத்து மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரை இனங்கண்டுகொண்டார். தமிழைக் கற்று மக்களுடன் அவர்களது மொழியிலேயே உறவாடினார். சில்லாலை மக்கள் அவரைத் தம் ஊரில் மறைத்துவைத்தனர். பகலில் ஒளிந்திருந்து, இரவில் திருப்பலி நிறைவேற்றி, ஒப்புரவு அருட்சாதனம் வழங்கி, விடியுமுன் அடுத்த ஊருக்குச் செல்வார்.

மொழி தெரியாத, உறவு இல்லாத, ஊர்பேர் சொல்ல முடியாத ஒரு வரத்தானுக்கு இடங்கொடுத்த எமது முன்னோர் எவ்வளவு பெரிய ஆபத்தைத் தாங்கினர்! 1689இல் நத்தார் இரவில் ஒல்லாந்தர் திடீரெனப் பாய்ந்து, கூடியிருந்த மக்கள் பலரைப் பிடித்துச் சென்றனர். சிலர் வதைக்கப்பட்டனர். ஆனால், முனிவர் அவர்கள் கையில் அகப்படவில்லை. அந்நியனை அடைக்கலமாக ஏற்ற அம்மக்களின் விலைதான் இன்றைய வடபகுதித் திருச்சபையின் வேர் என்றால் அது மிகையாகாது.

சிறையே பள்ளிக்கூடம்

1690இல் அவர் கண்டி மன்னனின் ஆட்சிக்குட்பட்ட புத்தளத்துக்குச் சென்றார். அங்கிருந்து 1692இல் கண்டி மாநகருக்குப் புறப்பட்டார். மன்னனின் அவையிலிருந்த பிரான்சு நாட்டுப் புரட்டஸ்தாந்துப் பிரபு ஒருவர், வருபவர் போர்த்துக்கேய ஒற்றர் என்று குற்றஞ்சாட்டினார். முனிவரும் அவரோடு சென்றவர்களும் சிறைப்பட்டனர்.

விலங்கிடப்பட்டிருந்த வேளையில் முனிவர் செய்த வேலை எமக்கெல்லாம் பெரும் பாடமாகும். அவர் சிங்கள மொழியைக் கற்கத் தொடங்கினார். காவலரோடு பேசினார், தம்மைக் காண வந்தோரோடு பேசினார், கேட்ட சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகினார். தம்மைச் சந்தேகித்தவர்களின் மொழியையே விரும்பிக் கற்ற அந்த மனம் எத்தகையது! பகைவன் என்று எண்ணுபவனின் மொழியை எவரும் அன்போடு கற்பதில்லை. ஆகையால், அவர் அவர்களைப் பகைவராக எண்ணவில்லை என்பது தெளிவாகின்றது. கட்டுப்பாடுகள் சற்றுத் தளர்ந்ததும், சிறை வளவிலேயே ஒரு சிறு குடிசைக் கோவிலை அமைத்துக்கொண்டார்.

1693இல் நாட்டில் கடும் வரட்சி ஏற்பட்டது. முனிவரின் மன்றாட்டினால் மழை பெய்தது என்று மரபு கூறும். நீரை நம்பி வாழும் இரணைமடு மக்களுக்கு அம்மழையின் அருமையை எவரும் விளக்கத் தேவையில்லை. பௌத்த மன்னனான இரண்டாம் விமலதர்மசூரியன் அவரைப் பற்றிய ஐயம் நீங்கி, நாட்டுக்குள் நடமாடிப் பணிசெய்ய இடமளித்தான். கிறிஸ்தவர்களான ஒல்லாந்தரால் துரத்தப்பட்ட குருவுக்கு வேறு சமயத்து மன்னன் ஒருவன் நிழல் கொடுத்தான் என்பதைக் கத்தோலிக்கக் குடும்பங்கள் நன்றியோடு நினைத்தல் வேண்டும்.

வைசூரிக் காலத்து மருத்துவர்

1697இல் கண்டியில் வைசூரி பரவியது. அந்நாளில் அதற்கு மருந்து இல்லை. மன்னன் நகரைவிட்டு அகன்றான். வசதியுள்ளோர் ஓடினர். நோயுற்றோரை அவர்களின் சொந்தக் குடும்பத்தினரே காடுகளில் விட்டுச்சென்றனர். பிணங்கள் தெருவில் கிடந்தன. அந்நகரைவிட்டு ஓடுவதற்கு யோசேவாசுக்கு எல்லா நியாயமும் இருந்தது. அது அவரது ஊரன்று. அங்குள்ளோர் அவரைச் சிறையில் அடைத்தவர்கள். பெரும்பாலானோர் அவரது சமயத்தவருமல்லர்.

அவர் ஓடவில்லை. தமது சகோதரியின் மகனான யோசே கர்வாலோ அடிகளாரையும் துணைக்கொண்டு, கைவிடப்பட்ட வீடுகளையும் புதிதாகப் போட்ட கொட்டில்களையும் நோயாளர் விடுதிகளாக்கினார். புண்களைக் கழுவினார். கஞ்சி ஊட்டினார். உடையும் இடமும் துப்புரவு செய்தார். இறந்தோரைத் தம் கைகளால் அடக்கம் செய்தார். நோயாளி கத்தோலிக்கரா, பௌத்தரா, இந்துவா, இஸ்லாமியரா என்று கேட்டு அவர் கஞ்சியை அளக்கவில்லை. ஏறக்குறைய ஓராண்டுக்கு இப்பணி நீடித்தது. மன்னனும் மக்களும் அவர்மீது கொண்ட மதிப்பு இதன்பின் பன்மடங்காயிற்று.

அவர் செய்தவை யாவும் எவரும் செய்யத் தயங்கும் தாழ்ந்த வேலைகள் என்பதைக் கவனித்தல் வேண்டும். வேலையில் உயர்வு தாழ்வு பார்ப்பவர் மனிதரிலும் உயர்வு தாழ்வு பார்ப்பார். கூலியாளின் உடையை அணிந்து இலங்கைக்கு வந்தவர், ஒளிந்துகொள்வதற்காக மட்டும் அதை அணியவில்லை என்பதை வைசூரிக் காலம் காட்டிவிட்டது.

பிறரின் திறமையை மதித்தவர்

கோவாவிலிருந்து புதிய குருக்கள் வரத் தொடங்கியதும் அவர்களை நாட்டின் பல பகுதிகளுக்கும் அனுப்பினார். தாமும் கால்நடையாகச் சுற்றினார். எமது வன்னிப் பெருநிலமும் அவரது பணிப்பரப்புக்குள் அடங்கியிருந்தது. 1705இல் வந்து சேர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரின் மொழித்திறமையைக் கண்ட முனிவர், அத்திறமை வளர வழிசெய்தார். கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் பல எழுதி, இரு மொழியினருக்கும் சொந்தமானார். தம்மிடம் இல்லாத ஆற்றல் இன்னொருவரிடம் இருப்பதைக் கண்டு மகிழ்வதற்கும் புனிதம் வேண்டும். தலைமைப் பொறுப்பில் இருப்போர் பலர் தடுக்கி விழும் இடம் இதுவே.

1707இல் விமலதர்மசூரியன் இறக்க, அவன் மகன் நரேந்திரசிங்கன் அரியணை ஏறினான். அவனது ஆட்சியிலும் முனிவரின் பணி தொடர்ந்தது. 1710இல் உடல்நலம் குன்றிய நிலையிலும் மீண்டும் ஒரு நெடும்பயணம் சென்று திரும்பினார். அதன்பின் எழுந்து நடமாட இயலாதவரானார். 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் கண்டியில் அவரது ஆவி பிரிந்தது. கோவாவைவிட்டு வந்தபின் அவர் தம் தாயகத்துக்குத் திரும்பவேயில்லை.

1995ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கொழும்பில் அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார். 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார். அதே நாள் பிற்பகலில் திருத்தந்தை மடுத்திருப்பதிக்கும் வந்து, தமிழரும் சிங்களவருமாகக் கூடியிருந்த மக்களை ஆசீர்வதித்தார். அவர்களில் வன்னியிலிருந்து சென்ற குடும்பங்கள் பல.

எமது இல்லங்களில்

யோசேவாஸ் முனிவர் எவரிடமும் தம்மைப்போல் மாறும்படி கேட்டுக்கொண்டு பணியைத் தொடங்கவில்லை. தமிழரிடம் தமிழ் கற்றார். சிங்களவரிடம் சிங்களம் கற்றார். தமது நம்பிக்கையில் அணுவளவும் தளராமலே பிற சமயத்தவரின் மதிப்பைப் பெற்றார். தம் வேரில் உறுதியாக நிற்பவன் அயலவனின் வேறுபாட்டைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

இதனை நாம் எமது வீட்டிலும் வயலிலும் எவ்வாறு கைக்கொள்ளலாம்? மலையகத்திலிருந்து வந்த அயலவரின் பேச்சைப் பிள்ளைகள் கேலி செய்தால் பெற்றோர் அன்றே திருத்தலாம். ஒருவருடைய அனுபவம் எதுவென்று அறியாமல் அவரை ஒதுக்கும் வழக்கத்தை எமது சங்கங்களில் விட்டுவிடலாம். தேயிலை மலையில் உழைத்தவருக்கு மண்ணரிப்பைத் தடுக்கத் தெரியும். தீவிலிருந்து வந்தவருக்குச் சொட்டு நீரின் பெறுமதி தெரியும். வன்னியின் பழங்குடிக்குக் காட்டின் குணம் தெரியும். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது, குறைந்த நீரை எவ்வாறு பங்கிடுவது என்று கூடிப் பேசும் நாளில் இம்மூவரின் அறிவும் ஒரே மேசைக்கு வந்தால் பயன்பெறுவது எல்லோருடைய வயலுமே. சிங்களம் கற்கும் பிள்ளையைப் பார்த்து முகஞ்சுளிக்காமல், சிறையிலிருந்தும் அதைக் கற்ற முனிவரின் கதையைச் சொல்லிக் கொடுக்கலாம்.

முனிவரின் திருநாள் தைப்பொங்கலோடு ஒட்டி வருவது. காலபோகக் கதிர்கள் முற்றி, அறுவடைக்கு ஆட்களைத் தேடும் காலம் அது. இவ்வாண்டு திருநாளன்று இரணைமடுப் பகுதிக் குடும்பம் ஒவ்வொன்றும், இதுவரை தம் வீட்டு விறாந்தையில் உட்காராத ஓர் அயற்குடும்பத்தை அழைத்து ஒரு நேர உணவைப் பகிர்ந்துகொள்ளுமாயின், சில்லாலை மக்கள் அன்று ஒரு வரத்தானுக்குச் செய்த உபகாரத்தை நாமும் தொடர்ந்தவர்களாவோம்.