ஓடுதளத்தில் எழுந்த தேர்

நுழையும் முன்

மனிதன் சக்கரத்தைக் கண்ட நாள் முதலாக விரைவின்மீது வேட்கை கொண்டவனாகவே இருந்து வருகிறான். தேரும் புரவியும் பூண்ட படைகளைப் பாடிய தமிழ் இலக்கியங்களே அதற்குச் சான்று. அந்த வேட்கையை நுட்பமாக மாற்றி, நம் மண்ணிலேயே பந்தய ஊர்தியைப் படைத்துக் காட்டியவர் கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன். ஓட்டுநராகத் தொடங்கி, ஊர்தி வடிவமைப்பாளராக உயர்ந்த அவருடைய வாழ்வை இப்பாடத்தில் அறிவோம்.

பொறிகள் முழங்கும் மண்

சென்னையிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் புறநகர்த் தொடர்வண்டி திருவொற்றியூர், எண்ணூர் நிலையங்களைக் கடந்து அத்திப்பட்டை அடைகிறது. அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் வானளாவி நிற்கும் ஊர் அது. அவ்வழி நெடுகிலும் இந்திய ஊர்தித் தொழிலின் வரலாறு விரிந்து கிடக்கிறது. எண்ணூரில் அசோக் லேலண்ட் ஆலை சரக்குந்துகளை உருவாக்கியது. திருவொற்றியூரில் என்ஃபீல்டு ஆலை விசையுந்துகளைப் படைத்தது. அதே திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனம், பின்னாளில் உருளிப்பட்டைகளை உருவாக்கும் பேராலையாக வளர்ந்தது.

அத்திப்பட்டுக்கு மேற்கே, அதே திருவள்ளூர் மாவட்டத்தில் அமைந்துள்ளது சோழவரம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அங்கு ஒரு வானூர்தி ஓடுதளம் அமைக்கப்பட்டது. போர் முடிந்தது, வானூர்திகளும் சென்றுவிட்டன. வெறுமையாய்க் கிடந்த அத்தளத்திற்கு மறுவாழ்வு தந்தது, 1953-ஆம் ஆண்டு தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம். அங்கு நடைபெற்ற பந்தயங்களைக் காணப் பெருந்திரளான மக்கள் கூடினர். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஓட்டுநர்கள் வந்து போட்டியிட்டனர். அத்தளத்தில் பெயர் பெற்ற வீரர்களுள் ஒருவர்தாம் கரிவரதன்.

இளமையும் ஈடுபாடும்

கரிவரதன் 1954-ஆம் ஆண்டு பிறந்தார். கோவையின் புகழ்பெற்ற இலட்சுமி ஆலைக் குடும்பம் அவருடையது. தந்தையார் ஜி.கே. சுந்தரம் விடுதலைப் போராட்டத்தில் பங்கேற்றவர். நாடாளுமன்ற உறுப்பினராகவும் விளங்கியவர். நூற்பாலைகளும் வார்ப்படச் சாலைகளும் நீரேற்றுப் பொறிப் பட்டறைகளும் நிறைந்த கோவையில், இரும்பைக் கடைந்து வடிவம் கொடுக்கும் கலை தெருவுக்குத் தெரு வாழ்ந்தது. அத்தகைய நகரில் வளர்ந்த கரிவரதனுக்குப் பொறிகளின்மீது ஆர்வம் பிறந்ததில் வியப்பில்லை.

செல்வக் குடும்பத்தில் பிறந்தது அவருக்கு வாய்ப்பாக அமைந்தது என்பதை மறுப்பதற்கில்லை. மோட்டார்ப் பந்தயம் அக்காலத்தில் பொருள் படைத்தோரின் ஆட்டமாகவே இருந்தது. அயல்நாட்டுப் பந்தய ஊர்தி ஒன்றை வாங்கிக் கடல்கடந்து கொண்டுவரப் பெரும்பொருள் தேவைப்பட்டது. ஓர் உதிரிப்பாகம் பழுதுற்றாலும் மாற்றுக்கு அயல்நாட்டையே எதிர்நோக்க வேண்டியிருந்தது. எனவே, வெற்றி சில வேளைகளில் ஓட்டுநரின் திறனைவிட அவருடைய பணப்பையைப் பொறுத்தே அமைந்தது.

இந்த ஏற்றத்தாழ்வால் கரிவரதனுக்கு இழப்பு ஏதுமில்லை. வசதியுள்ளோரின் வரிசையில்தான் அவரும் நின்றார். இருந்தும் அந்த ஏற்றத்தாழ்வைக் குறைப்பதையே தம் பணியாக அவர் ஏற்றுக்கொண்டார். அவர் வாழ்வின் சிறப்பு இங்குதான் தொடங்குகிறது.

புறப்பாட்டின் நுட்பம்

பந்தயத்தின் மிக இக்கட்டான பொழுது எது? வளைவுகளில் திரும்பும் பொழுது என்று பலரும் எண்ணுவர். உண்மையில், ஊர்தி நின்ற நிலையிலிருந்து புறப்படும் முதல் சில நொடிகளே பெரும் சோதனை. ஊர்திகள் வரிசையாக அணிவகுத்து நிற்கும். அடையாளம் காட்டப்பட்டதும் அனைத்தும் ஒருசேரப் பாயும். முதல் வளைவை முந்தி அடைபவருக்கு முன்னால் தடையில்லாத பாதை கிடைக்கும். பின்தங்கியவரோ கூட்டத்தில் சிக்குவார். மோதல்கள் மிகுதியாக நிகழ்வதும் அங்கேதான்.

இதில் அடங்கியுள்ள அறிவியலை நீங்கள் இயற்பியல் பாடத்தில் கற்றிருப்பீர்கள். உருளிப்பட்டைக்கும் தரைக்கும் இடையிலான பிடிப்பே ஊர்தியை முன்னோக்கிச் செலுத்துகிறது. பிடிப்பின் எல்லையை மீறி விசை கொடுத்தால் சக்கரம் இருந்த இடத்திலேயே சுழலும்; புகை எழுமேயன்றி ஊர்தி விரைந்து நகராது. ஓய்வுநிலை உராய்வைவிட இயக்க உராய்வு குறைவு என்பதே இதற்குக் காரணம். மாறாக, விசை போதாதபோது கிளட்சை விடுவித்தால் பொறியின் சுழற்சி சரிந்து, ஊர்தி திணறும். சில வேளைகளில் நின்றும்விடும். ஆற்றல் மிக்க ஊர்திக்குச் சக்கரச் சுழற்சி பகை. சிறிய பொறி கொண்ட ஊர்திக்குத் திணறலே பகை. இவ்விரண்டுக்கும் இடையிலான நூலிழை போன்ற எல்லையை ஓட்டுநரின் கால் விரல்கள் உணர வேண்டும்.

புறப்படும்போது ஊர்தியின் எடையில் ஒரு பகுதி பின்சக்கரங்களை நோக்கி மாறுகிறது. அதனால் பின்சக்கரங்களின் பிடிப்பு மிகுகிறது. பந்தய ஊர்திகளில் பொறியை ஓட்டுநருக்குப் பின்னே வைத்து, பின்சக்கரங்களை இயக்குவது இதற்கும் துணைபுரிகிறது. ஓட்டுநரின் திறனும் வடிவமைப்பாளரின் அறிவும் ஒன்றுகூடும் இடமே புறப்பாடு. கரிவரதன் இவ்விரு நிலைகளையும் தம் பட்டறிவால் உணர்ந்தவர்.

எளிய பொறி, புதிய ஊர்தி

1983-ஆம் ஆண்டு இறுதியில் மாருதி 800 என்னும் சிறிய மகிழுந்து இந்தியச் சாலைகளில் ஓடத் தொடங்கியது. மூன்று உருளைகளும் 796 கனசென்டிமீட்டர் கொள்ளளவும் கொண்ட அதன் பொறி, நடுத்தரக் குடும்பங்களின் பயணத்திற்காக உருவானது. பந்தயத்தோடு அதைத் தொடர்புபடுத்தி எவரும் எளிதில் எண்ணியிருக்கமாட்டார்கள். கரிவரதனின் கண்ணுக்கோ அதில் வேறொரு வாய்ப்புத் தெரிந்தது. அப்பொறி எடை குறைந்தது, உள்நாட்டில் கிடைப்பது, பழுது நீக்கும் கைகளும் உதிரிப்பாகங்களும் எளிதில் வாய்ப்பவை.

ஒருவர் மட்டும் அமரும் திறந்த ஊர்தியை அவர் வடிவமைத்தார். எஃகுக் குழாய்களை இணைத்து உருவாக்கிய சட்டகம் அதன் எலும்புக்கூடு. கண்ணாடியிழையாலான மேலுறை அதன் தோல். குடும்ப மகிழுந்தில் முன்புறம் அமர்ந்து முன்சக்கரங்களை இயக்கிய பொறி, இங்கு ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னே இடம்பெற்றுப் பின்சக்கரங்களை இயக்கியது. கதவுகள், கூரை, கூடுதல் இருக்கைகள் எவையும் இல்லாததால் எடை பெரிதும் குறைந்தது. பொறியின் ஆற்றலைப் பெருக்காமலேயே, அது சுமக்க வேண்டிய எடையைக் குறைப்பதன் வாயிலாக விரைவைப் பெறலாம் என்பதே இவ்வடிவமைப்பின் அடிப்படை.

1980-களின் இறுதியில் இவ்வகை ஊர்திகளுக்கெனத் தனிப் பந்தயம் உருவானது. அதுவே ஃபார்முலா மாருதி. ஏறத்தாழ ஒரே வகையான ஊர்திகளில் அனைவரும் போட்டியிட்டதால், ஓட்டுநரின் திறனே முன்னுரிமை பெற்றது. செலவும் பலமடங்கு குறைந்தது. வெற்றி பெற்றுவந்த ஓட்டுநர் ஒருவர், தம்மையே வெல்லக்கூடிய இளைஞர்களின் கைகளில் ஊர்தியைக் கொடுத்தார் என்றே இதைக் கூற வேண்டும்.

தெரியுமா?

மோட்டார்ப் பந்தயத்தில் ஃபார்முலா என்னும் சொல் விதிகளின் தொகுப்பைக் குறிக்கும். பொறியின் கொள்ளளவு, ஊர்தியின் எடை, சக்கரத்தின் அளவு போன்றவற்றை அவ்விதிகள் வரையறுக்கின்றன. அவற்றுக்கு உட்பட்ட ஊர்திகளே அப்பந்தயத்தில் பங்கேற்க முடியும்.

மறைவும் தொடர்ச்சியும்

1990-ஆம் ஆண்டு திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்திற்கென்றே கட்டப்பட்ட நிலையான களம் உருவானது. சோழவரத்து ஓடுதளத்தின் காலம் நிறைவுற்றது. புதிய களத்தில் ஃபார்முலா மாருதி ஊர்திகள் ஓடின. கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் என்னும் இளைஞர் தம் முதல் பந்தயத்தை ஓட்டியது ஃபார்முலா மாருதியில்தான். அப்பந்தயத்திலேயே முதல் மூவருள் ஒருவராக அவர் வந்தார்.

அவ்விளைஞரின் வளர்ச்சியை முழுமையாகக் காணும் பேறு கரிவரதனுக்கு வாய்க்கவில்லை. பறத்தலிலும் ஆர்வம் கொண்டிருந்த அவர், 1995-ஆம் ஆண்டு வான்பயண விபத்தொன்றில் உயிரிழந்தார். அகவை நாற்பதைக் கடந்த சிறிது காலத்திலேயே அவ்வாழ்வு முடிந்தது. தரையில் எத்தனையோ இடர்களைக் கடந்தவரை வானம் கவர்ந்துகொண்டது.

பத்தாண்டுகள் கழிந்தன. 2005-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், ஆத்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ஃபார்முலா ஒன்று பந்தயத்தின் புறப்பாட்டு வரிசையில் நரேன் கார்த்திகேயன் நின்றார். உலகின் உயரிய மோட்டார்ப் பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியர் அவரே. குடும்ப மகிழுந்தின் சிறு பொறியைக் கொண்டு தொடங்கிய பாதை, உலக மேடைவரை நீண்டது.

கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் 2003-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பந்தயக் களம், கரி மோட்டார் ஸ்பீட்வே என்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் காண இயலாத அக்களத்தில் இன்று பொறியியல் மாணவர்கள் தாங்களே வடிவமைத்த ஊர்திகளை ஓட்டிப் பார்க்கின்றனர். கையில் கிடைக்கும் எளிய பொருளைக் கொண்டு உயர்ந்ததைப் படைக்கலாம் என்னும் நம்பிக்கையே அவர் விட்டுச்சென்ற செல்வம். வாய்ப்பைப் பெற்றவர், வாய்ப்பற்ற பிறருக்கும் தொடக்கக் கோட்டில் இடம் அமைத்துத் தர வேண்டும் என்பதே அவர் வாழ்வு நமக்கு உணர்த்தும் பாடம்.

கற்பவை கற்றபின்...

1. நின்ற நிலையிலிருந்து புறப்படும் மிதிவண்டி, பேருந்து ஆகியவற்றை உற்றுநோக்கி, உராய்வின் பங்கை விளக்கி ஒரு பக்கக் குறிப்பு எழுதுக.

2. உங்கள் மாவட்டத்தில் ஊர்தி அல்லது உதிரிப்பாகம் உருவாக்கும் தொழிற்கூடம் ஒன்றைப் பற்றிச் செய்திகள் திரட்டி வகுப்பறையில் உரையாற்றுக.